பதினோரு ஆவுடை

தை பிறக்க ஒன்பது நாள் இருக்கையில், சுண்ணாம்பு அடிப்பதற்காகச் சாமான்களையெல்லாம் நடுவீட்டுக்கு இழுத்துப் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய மில் குடியிருப்பின் நாற்பத்தெட்டு வீடுகளில் நாற்பத்தேழு வீட்டுப் பீரோக்கள் நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டோம் என்று நின்றுவிட்டன.

ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பீரோவுக்குத்தான் கால் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டிக்கொண்டது என்று முதலில் நினைத்தார்கள். மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்த்தார்கள், நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளியும் பார்த்தார்கள். பிறகு உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு நகர்த்துவோம் என்று கதவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றாடம் உடுத்துகிற துணியெல்லாம் வழக்கம்போல அள்ள அள்ள வந்தது. உடுத்த ஆளில்லாமல் கிடந்த துணி மட்டும் வரவில்லை. மஸ்கட்டுக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன பேண்ட்டும், சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகளின் தாவணியும், திருப்பூருக்கு வேலைக்குப் போன தம்பியின் கட்டம்போட்ட கைலியும், ஒரு வருஷத்துக்கு மேலாக உடம்பில் பட்டறியாத துணி எதுவானாலும், அதை உடுத்தியிருந்த ஆளின் கனத்துக்கு வந்திருந்தது. அது கல்லின் கனம் இல்லை. தூங்குகிற ஆளைத் தூக்கினால் கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கைவழியே வழியுமே, அந்த மாதிரி.

மில்லை மூடிப் பத்து வருஷமாகிறது, வேலை தேடி ஆள் வெளியூர் போகாத வீடு அந்தக் குடியிருப்பில் அநேகமாக இல்லை, அதனால் கனக்காத பீரோவும் அநேகமாக இல்லை. இரண்டாம் மாடி எஸ்தர் டீச்சர் வீட்டில் மட்டும், டீச்சர் ஒற்றைக் கையால் தள்ளியதும் பீரோ சக்கரம் கட்டினதுபோல் சுவரைவிட்டு ஓடி வந்துவிட்டது. அதற்குள் நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன அவர் வீட்டுக்காரரின் ஆறு வெள்ளைச் சட்டைகள் இருந்தன. அக்கம்பக்கத்தில் நடப்பதைக் கேள்விப்பட்டு வந்த டீச்சர், ஒவ்வொரு சட்டையாக இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். ஆறும் வந்தன. ஆறாவது சட்டையைப் பிடித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவர், அன்றைக்கு ஆலயத்துக்குப் போகவில்லை.

மூன்றாம் மாடியில், எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு நேர் மேலே, முப்பிடாதி வீடு. அங்கே பீரோ அசையாதது மட்டுமில்லை, அதன் நாலு காலும் தரைக்குள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

முப்பிடாதியின் ஒரே மகன் ஆவுடையப்பன் வீட்டைவிட்டுப் போய் ஆறு வருஷம். பாலிடெக்னிக்கில் தேறிவிட்டேன் தேறிவிட்டேன் என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன் முதல் வருஷமே தேறவில்லை என்று தெரிந்த அன்றைக்கு, அவன் அப்பா சுடலைமுத்து தண்ணீர்க் குழாயடியில் அத்தனை பேர் பார்க்க அவனைச் செருப்பால் அடித்துவிட்டார். வீட்டுக்கு வந்த பையன் பீரோவுக்கு முன்னால் போய் நின்று, அம்மா சாவியைக் கொடு என்றான். முப்பிடாதி சாவியைச் சேலை முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உடுமாற்றுத் துணியில்லாமல் எங்கே போய்விடுவான், இரண்டு நாள் முறைத்துக்கொண்டு கிடப்பான், மூன்றாம் நாள் சோற்றைப் போடு என்று வந்து உட்காருவான் என்பது அவள் கணக்கு. அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் எல்லாரும் போடுகிற கணக்குதான் அது. ஆவுடை கட்டின கைலியோடும் போட்ட சட்டையோடும் படியிறங்கிப் போனான். செருப்புகூட வாசலில்தான் கிடந்தது.

அன்றிலிருந்து சுடலைமுத்து மகன் பேரை வாயால் சொன்னதில்லை. முப்பிடாதி சாவியை இடுப்பிலிருந்து இறக்கி வைத்ததில்லை.

இப்போது பக்கத்து வீட்டுக் குருவம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து பீரோவிலிருந்து ஒரு சட்டையை இழுத்துத் தரையில் கிடத்தினார்கள். முப்பிடாதி குனிந்து அதன் தோள்பட்டையில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. தூக்க முடியவில்லை என்று தெரிந்ததும் அவள் சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் பல் தெரிந்தது அன்றைக்குத்தான்.

"எக்கா, இருக்கான்க்கா. எம் புள்ள எங்கயோ இருக்கான்."

குருவம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இருக்கான் தாயி, நல்லாவே இருக்கான். எனக்கு இடுப்புப் பிடிச்சிருச்சு, அந்த அளவுக்கு இருக்கான்."

அடுத்த வாரம் எஸ்தர் டீச்சர் தன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கிற மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அது வீடு வீடாகப் போயிற்று. ஆவுடை அறுபத்தொரு கிலோ இருந்தான்.

அதற்குப் பிறகு குடியிருப்பு அந்த அதிசயத்தோடு குடித்தனம் பண்ணப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு பொழுதுக்குள் அடங்காது. வெள்ளிக்கிழமை என்றால் வீடு மெழுகி விளக்கேற்றி, துணியை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, வெளியூரில் இருக்கிறவர்களுக்குப் போன் போடுவது வழக்கமாயிற்று. குருவம்மா மஸ்கட்டில் இருக்கிற மகனோடு பேசுவது மூன்று மாடிக்கும் கேட்கும். "பொய் சொல்லாதல, மூணு நேரமும் திங்கேன்னு. ஒம் பேண்ட்டு நாலு கிலோ இறங்கியிருக்கு. யார்ட்ட கதை விடுத?" சங்கரன்கோவில் மகள் உண்டாகியிருக்கிற செய்தி அவள் மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் தாவணிக்குத் தெரிந்து, தாவணி சொல்லி இங்கே எல்லோரும் இனிப்புத் தின்று முடித்துவிட்டார்கள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற மஸ்தான் பாய் சைக்கிளை வழக்கம்போல வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஒரு தாவணியை வாங்கித் தோளில் போட்டுப் பார்த்து, அப்படியே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். "யம்மா, துணிக்குத்தான் நான் பாத்திரம் குடுப்பேன். ஆளுக்குக் குடுக்க எங்கிட்ட அவ்வளவு பெரிய பாத்திரம் இல்ல" என்றார்.

அந்த மஸ்தான் பாய்தான் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். தோளில் விழுந்த தாவணியை உதற முடியாமல், கீழே தள்ள முடியாமல், வேறு வழியில்லாமல் அதை மேலே சுற்றிக்கொண்டு எழுந்தாராம். எழுந்ததும் கனம் போய்விட்டது. இன்னொருத்தர் உடம்பில் ஒரு தடவை ஏறிவிட்டால் அது வெறும் துணி. திரும்பக் கழற்றிப் பீரோவில் வைத்தாலும் போன கனம் வராது. தாவணிக்காரியின் அம்மாவுக்கு அந்த ஒன்று போனதில் வருத்தம்தான். ஆனாலும் மகளுக்கு இன்னும் ஏழு தாவணி கிடந்தது.

ஒரு துணி என்றால் ஒரு ஆள். ஏழு துணி என்றால் ஏழு ஆள். மில்காரர்கள் காலத்தில் கட்டிய கட்டிடம் நாலு பேர் இருக்கிற வீடு என்று நினைத்துக் கட்டியது. மாசி பிறந்தபோது சுவரில் கீறல் விழுந்தது. யாரோ தெரிந்த இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் மூன்றாம் மாடித் தரையைத் தட்டிப் பார்த்து, இரண்டாம் மாடிக் கூரையை அண்ணாந்து பார்த்து, பீரோவில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று முப்பிடாதியைக் கேட்டார்.

"துணிதான் சார்."

"துணியைக் குறைங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே விளங்காமல், கொடுத்த காபியைக் குடிக்காமல் போய்விட்டார்.

குடியிருப்பு வேப்பமரத்தடியில் கூடியது. வெளியூரில் இருக்கிற ஆள் ஒருவருக்கு ஒரு துணி வைத்துக்கொள்ளலாம், மற்றதைப் பங்குனிக்குள் யாராவது உடுத்திக் கனம் கழித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. மற்ற வீடுகளில் அது அவ்வளவு பெரிய பாடாக இல்லை. போன் போட்டு, எதை வைக்க எதைக் கழிக்க என்று சம்பந்தப்பட்டவர்களையே கேட்டார்கள். எல்லாத்தையும் தூரப் போடும்மா என்றார்கள் அவர்கள், வேலை மும்முரத்தில். கேட்க நம்பர் இல்லாதது முப்பிடாதிக்கு மட்டும்தான்.

ஆவுடை விட்டுப்போனது பதினோரு துணி. அவன் வீட்டைவிட்டுப் போன அந்த வருஷத் தீபாவளிக்கு, வந்துவிடுவான் என்று எடுத்து அட்டை பிரிக்காமல் வைத்த சட்டை ஒன்றும் இருந்தது. அவன் மேல் படாததால் அது கனக்கவும் இல்லை, அதை யாரும் கணக்கில் சேர்க்கவும் இல்லை. பதினோரு அறுபத்தொன்று. அத்தனையும் அந்த ஒரு மூலையில்.

"பதினோரு மகன் பெத்தவ மாதிரில்லா காவல் காக்க" என்றாள் குருவம்மா. "நல்ல துணியா ஒண்ண வச்சுக்கிட்டு மத்ததக் குடு. அந்தக் கறுப்புப் பேண்ட்ட வை. நாள்பட உழைக்கும்."

"வைக்கேன்க்கா, பாக்கேன்" என்று முப்பிடாதி சொல்லிச் சொல்லியே பங்குனி பாதி போயிற்று.

ஒருநாள் மத்தியானம் எஸ்தர் டீச்சர் மேலே வந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் கைப்பிடி அளவு காரை இருந்தது.

"தொட்டில்ல விழுந்துச்சு முப்பிடாதி. பெனிட்டா புள்ளைக்குப் பால் குடுக்க அப்பதான் தூக்கியிருக்கா."

பேறுகாலத்துக்கு வந்த மகள் பெனிட்டாவும் நாற்பது நாள் பிள்ளையும் அவர் வீட்டில் இருந்தார்கள். முப்பிடாதியால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"எடுத்துருன்னு நான் சொல்லல. எனக்கு அந்த வாய் கிடையாது. எங்க வீட்டுக்காரங்க சட்டை கனக்கலயேன்னு அழுதவ நான். தொட்டிலை எங்க மாத்திக் கட்டன்னு தெரியல. இருக்கது ஒரு ரூம்தான். நீயே வந்து ஒரு இடம் சொல்லு."

முப்பிடாதி கீழே போய்ப் பார்த்தாள். கூரை கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, சவுக்குக் கம்பு இரண்டு முட்டுக்கொடுத்து நின்றது, கம்புகளுக்கு நடுவில் சேலைத் தொட்டிலில் பிள்ளை கை முறுக்கிக்கொண்டு தூங்கியது. பிள்ளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலே வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவிலேயே தொங்கவிட்டாள்.

மறுநாள் காலை அந்த மாடியின் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, ஒரு சட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே கொண்டுபோகிறோம், அங்கே வைத்து யாரையாவது உடுத்தச் சொல்லலாம் என்றார்கள். தலைமாட்டில் ஒருத்தரும் கால்மாட்டில் ஒருத்தருமாகச் சட்டையைச் சுமந்து நாலு படி இறங்கியிருப்பார்கள். எதிரே ஏறி வந்த ஒரு பெரியவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். அதைப் பார்த்த முப்பிடாதி படியில் குறுக்கே விழுந்து மறித்துவிட்டாள். "அப்படிக் கொண்டுபோகாதீங்கய்யா. நடந்து இறங்கிப் போனவன்யா அவன். இங்கயே வச்சு உடுத்துங்க."

அதனால் உடுத்துகிறவர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். சுடலைமுத்து காலையிலேயே டீக்கடைக்குப் போய்விட்டார். முப்பிடாதி பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள், சொன்னதை எடுத்தார்கள். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோது கட்டின கறுப்பு வேட்டி, மலை ஏறி இறங்கினதில் குதிகால் வெடித்து வந்தானே, அந்த ரத்தம் ஓரத்தில் இருக்கும், பார்த்துக் கட்டுங்கள் என்றாள். கபடி பனியன், ஏழாம் நம்பர், அதில் ஏழு பாதி உரிந்து ஒன்று மாதிரி இருக்கும். பாலிடெக்னிக் காக்கிச் சட்டை, அதை மட்டும் அவள் யோசிக்காமல் முதலிலேயே தள்ளிவிட்டாள். மாமன் மகன் கல்யாணத்துக்கு எடுத்த சந்தனக் கலர் சட்டை, இரண்டு கைலி, இரண்டு அரைக்கைச் சட்டை, குருவம்மா கண் வைத்த பேண்ட். ஒருத்தர் கையை நுழைத்து, தலையை நுழைத்து, பித்தானைப் போட்டு எழுந்து நிற்கும்போதெல்லாம் தரைக்குள்ளிருந்து எலும்புச் சொடக்கு எடுத்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு முப்பிடாதி ஒவ்வொரு தடவையும் ம் என்றாள், கதை கேட்கிற ஆள் மாதிரி. உடுத்தினவர்கள் தேங்க்ஸ் சொல்வதா, வருத்தம் சொல்வதா என்று தெரியாமல், போயிட்டு வாரோம் மைனி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பத்தாம் வகுப்பு வெள்ளைச் சட்டை. கடைசிப் பரீட்சையன்று கூடப் படித்தவர்கள் எல்லாரும் மையால் பேரெழுதி விட்ட சட்டை. இன்னொன்று வீட்டில் போடுகிற காப்பிக்கொட்டைக் கலர் முழுக்கைச் சட்டை, முழங்கையில் கிழிசல், பித்தான்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.

"வெள்ளைய வை முப்பிடாதி" என்றார் எஸ்தர் டீச்சர். "அதுல ஒரு ஞாபகம் இருக்கு. அது கிழிசல்லா."

முப்பிடாதி வெள்ளையை எடுத்து டீச்சரிடமே தள்ளினாள். "ஞாபகம் கிடக்கட்டும் டீச்சர். அவன் கட்டின துணியோட போனவன். வந்தா ஒடனே மாத்திக்கிட ஒரு வீட்டுச் சட்ட வேணும்லா."

டீச்சர் தன் சேலைக்கு மேலேயே அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அப்படியே படியிறங்கிப் போனார்.

இனி ஒரே ஒரு ஆவுடை. அந்த வெள்ளிக்கிழமை மெஷின் வந்தபோது அவன் ஐம்பத்தேழு இருந்தான்.

பதினோரு துணி இருந்த மட்டும் அவள் எடையைச் சரியாகப் பார்த்ததில்லை. இருக்கிறான் என்பதே போதுமாயிருந்தது. ஒன்றே ஒன்று மிஞ்சியபிறகு அவளுக்கு வேறு வேலை இல்லாமற்போயிற்று. அடுத்த வெள்ளிக்கு ஐம்பத்தைந்து. சித்திரை பிறந்தபோது ஐம்பத்திரண்டு. சித்ரா பௌர்ணமிக்கு நாற்பத்தெட்டு. ஆரம்பத்தில் சட்டையை மெஷினுக்கு இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிறகு குருவம்மா ஒருத்தி கைகொடுத்தால் போதும். பிறகு முப்பிடாதியே கட்டிப் பிடித்து ஏற்றிவிட்டாள். சிரமம் குறையக் குறைய அவள் முகத்தில் ரத்தம் குறைந்தது.

பக்கத்து ஊர்க் காவல் நிலையத்துக்குக் குருவம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "காணாமப் போனதுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதியாச்சும்மா. சட்ட இளைச்சுட்டுதுன்னு நான் எந்தப் பிரிவுல எழுத?"

குருவம்மா திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கும்பா நிறையச் சோறு பிசைந்து, மேலே அயிரை மீன் குழம்பு ஊற்றி, பீரோவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. மறுநாள் கீழ்வீட்டிலிருந்து ஆப்பம் வந்தது. அதற்கடுத்த நாள் யாரோ கருப்பட்டி மிட்டாய் வைத்தார்கள், யாரோ வாழைப்பழம், யாரோ முட்டை அவித்து உரித்து உப்பும் மிளகும் தூவி. நாற்பத்தெட்டு வீடும் முறைபோட்டுச் சட்டைக்குச் சோறு வைத்தது. பெனிட்டா பிள்ளைக்காகக் காய்ச்சின பாலில் ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனதை எடுத்துச் சுடலைமுத்து காக்காய்க்கு வைத்தார். மெஷின் நாற்பத்து மூன்று காட்டியது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை எடை ஏறியது. நாற்பத்தாறு. முப்பிடாதி கைதட்டிக் குருவம்மாவைக் கூப்பிட்டாள், டீச்சரைக் கூப்பிட்டாள். எல்லாரும் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். டீச்சர் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் போனபிறகு முப்பிடாதி எதற்கோ தானும் மெஷினில் ஏறினாள். அவளும் ஆறு கிலோ கூடியிருந்தாள். மெஷினுக்கு அடியில் முள்ளை முன்னே பின்னே நகர்த்துகிற திருகு ஒன்று இருக்கிறது. அவள் குனிந்து அதைப் பழைய இடத்துக்குத் திருகவில்லை. டீச்சரிடம் கேட்கவும் இல்லை. மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "புள்ள நல்லாத் தூங்குதா?" என்றுதான் கேட்டாள்.

"தூங்குது" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு அவள் மனக்கணக்காக ஆறைக் கழித்துக்கொண்டாள். முப்பத்தேழு. முப்பத்து மூன்று. பத்து வயதுப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்தே தூக்க முடிந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் இங்குமங்கும் நடந்தாள். நடக்கையில் அவள் உதடு அசைவதைப் பார்த்துக் குருவம்மா உள்ளே வராமல் வாசலோடு திரும்பிப் போனாள். சுடலைமுத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறான், எந்த ஆஸ்பத்திரித் தரையில், எந்த ரயிலடியில், கேட்க ஆள் இல்லை, போய்ப் பார்க்கத் திசை இல்லை. வெள்ளிக்கிழமைதான் வந்துகொண்டே இருந்தது.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை தண்ணீர் லாரி வந்தது. முப்பிடாதி இரண்டு குடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தபோது பீரோ திறந்து கிடந்தது. சுடலைமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மேலே அந்தக் காப்பிக்கொட்டைக் கலர் சட்டை இருந்தது. கைகள் நீளமாய் விரல்வரை தொங்கின. பித்தான்களை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டிருந்தார்.

முப்பிடாதி இடுப்புக் குடத்தைச் சிந்தாமல் இறக்கி வைத்தாள். கைக் குடத்தையும் இறக்கி வைத்தாள். பிறகு போய் அவர் நெஞ்சில் அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். அவர் தடுக்கவில்லை.

"எம் புள்ளய எடுத்துட்டீங்களே. இருந்த ஒண்ணயும் எடுத்துட்டீங்களே. ஒங்களுக்கு எப்படிய்யா கை வந்துச்சு?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார் அவர். "ஒனக்கு இனிமே வெள்ளிக்கிழமை வேண்டாம்ளா."

அவள் அடிப்பதை நிறுத்தினாள். சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"எடுக்கையில எப்படி இருந்துச்சு? கனமிருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எம்புட்டு?"

"கனமாத்தான் இருந்துச்சு."

"நேத்தவிடக் கம்மியா?"

"ஆவுடை கனமாத்தான் இருந்தான்" என்றார் சுடலைமுத்து.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவர் வாயிலிருந்து வந்தது. முப்பிடாதி அவர் கண்ணையே பார்த்தாள். முப்பத்தேழு வருஷமாகப் பார்க்கிற கண். அவர் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும், மெய் சொன்னாலும் தெரியும். அன்றைக்கு இரண்டில் எது என்று தெரியவில்லை. சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சட்டை சட்டையாக இருந்தது. கிழவரின் வேர்வை அதில் ஏற்கெனவே ஊற ஆரம்பித்திருந்தது.

வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். குருவம்மா முதலில் எட்டிப் பார்த்து, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒப்பாரி வைப்பதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. செத்த வீடு என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, ஆள் வந்த வீடு என்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது, இதற்கு என்ன முறை என்று அந்தக் குடியிருப்பில் யார் கண்டார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராகக் கலைந்து போனார்கள். அன்றைக்குச் சோறு முறை எந்த வீடோ, அந்த வீட்டிலிருந்து வந்த புளியோதரையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து அதுவும் வரவில்லை.

அந்தப் பீரோவை இப்போது யாரும் ஒற்றைக் கையால் தள்ளலாம். தரையில் அது இறங்கின நாலு பள்ளமும் அப்படியே இருக்கின்றன. எஸ்தர் டீச்சர் வீட்டுக் கூரை தொங்கினது தொங்கினபடிதான், மேலே ஏறவில்லை. ஏறாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டாராம்.

சுடலைமுத்து வேறு சட்டை போடுவதில்லை. சாயங்காலம் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வெறும் மேலோடு உட்கார்ந்திருப்பார், காலையில் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவார். திரும்பி வரும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். வயது எழுபது ஆகப்போகிறது, மூச்சு வாங்கத்தான் செய்யும். ஒருவர் மேல் ஏறிய துணிக்குக் கனம் கிடையாது என்பது அந்தக் குடியிருப்பில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மூச்சுச் சத்தம் கேட்டதும் முப்பிடாதி அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு மூன்றாம் மாடிப் படி உச்சிக்கு வந்துவிடுவாள்.

"என்ன, கனக்கா?" என்று மேலேயிருந்து கேட்பாள்.

"ஆமா, கனக்கு" என்பார் அவர்.

"இன்னைக்கு எம்புட்டு?"

அவர் நின்று, யோசித்து, ஒரு எண்ணைச் சொல்வார். நேற்றைவிட அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, உள்ளே போவாள்.